கன்னத்தைக் காட்டுவது கோழைத்தனமா?



ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொல்லி நமது ஆண்டவர் மலைமேல் போதித்ததை நீங்கள் ஞானோபதேச வகுப்புக் காலம் முதல் கேட்டு வருகிறீர்கள். கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, கோவில் வாசற்படியைத் தாண்டியதும், "அதெல்லாம் சாமியார் பிரசங்கத்துக்குச் சரி, வரப்புத் தகராறுக்கு உதவுமா?" என்று பேசிக்கொள்வதும் நான் அறியாததல்ல. இது கோழைகளுக்குச் சொன்ன போதனை என்று எண்ணுகிறவர்கள் ஒரு சாரார். வேறொரு சாராரும் உண்டு. அவர்களுக்கு இந்தப் போதனை மிகவும் பிடிக்கும். ஆனால் தங்களுக்காக அல்ல, தங்களிடம் கைகட்டி நிற்கிறவர்களுக்காக. "ஆண்டவரே பொறுத்துக்கொள்ளச் சொன்னார் அல்லவா, பொறுத்துக்கொள்" என்பார்கள். இவ்விரு சாராரில் பின்னவர்களே ஆத்துமத்துக்கு அதிக ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அர்ச். அருளப்பர் எழுதின சுவிசேஷத்தின் 18-ம் அதிகாரத்தை இன்று இராத்திரி செபமாலை முடிந்ததும் வீட்டில் ஒருவர் சத்தமாய் வாசியுங்கள். பிரதான ஆசாரியனுக்கு முன்பாக ஒரு சேவகன் நமது ஆண்டவரைக் கன்னத்தில் அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் வாய்மூடியும் நிற்கவில்லை. தாம் பேசியதில் குற்றமிருந்தால் எடுத்துக்காட்டும்படியும், குற்றமில்லையென்றால் ஏன் அடித்தாய் என்றும் அடித்தவனிடமே நியாயம் கேட்கிறார். கன்னத்தைக் காட்டுவது என்பதற்கு அவரே கொடுத்த வியாக்கியானம் இது. கையை ஓங்காதே, ஆனால் அநியாயத்தை நியாயம் என்று ஒப்புக்கொள்ளவும் செய்யாதே.

இந்தப் பாடத்தை ஒரு நகரத்து ஏழை ஜனங்கள் 381 நாள் தங்கள் கால்களால் படித்த சரித்திரத்தை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் அலபாமா மாநிலத்துத் தலைநகர் மாண்ட்கோமரி. 1955-ம் வருஷத்தில் அந்நகரத்துப் பஸ்களில் ஒரு சட்டம் நடந்து வந்தது. முன்பக்கத்துப் பத்து ஆசனங்கள் வெள்ளையருக்கு. அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பின மக்கள் அவற்றில் உட்காரக்கூடாது. நடுவிலுள்ள ஆசனங்களில் அவர்கள் உட்காரலாம்; ஆனால் ஒரு வெள்ளையர் நிற்க நேர்ந்தால் அந்த வரிசை முழுவதுமே எழுந்து இடம் விடவேண்டும். இரண்டு நிறத்தாரும் ஒரே வரிசையில் இருந்துவிட்டால் தோஷமாம்! இது போதாதென்று, முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறவேண்டிய வழக்கமும் இருந்தது. காசை வாங்கிக்கொண்டு, அவர்கள் பின்வாசலை எட்டுமுன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போன டிரைவர்களும் உண்டு. அந்தப் பஸ்களில் பிரயாணம் செய்தவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் கறுப்பின மக்களே என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அந்த வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, 18 வயதுப் பெண்ணொருத்தி ஒரு வெள்ளையப் பெண்மணிக்கு இடம் விட மறுத்ததற்காகக் கைது செய்யப்பட்டாள். அபராதம் 9 டாலர். அவள் பெயர் மேரி லூயிஸ் ஸ்மித். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை, அந்நகரத்தில் அர்ச். யூதா ததேயுஸ் பெயரால் நடந்த நமது பள்ளிக்கூடத்தில் படித்தவள். நமது ஊரில் யூதா ததேயுஸுக்கு நவநாள் செய்யாத வீடு குறைவு. ஆனால் இந்தப் பெண்ணின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? அவளுக்கும் முன்னே, அதே வருஷம் மார்ச்சு மாதத்தில், கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுச் சிறுமியும் இதே குற்றத்துக்காகப் பிடிக்கப்பட்டாள். இருவருக்காகவும் ஊர் திரளவில்லை.

ஊர் திரண்டது டிசம்பர் 1-ந் தேதி. அன்று துணிக்கடையில் தையல் வேலை முடித்து வீடு திரும்பிய 42 வயதான ரோசா பார்க்ஸ் அம்மாள் எழுந்திருக்க மறுத்தார். கால் வலியினால் எழவில்லை என்று ஒரு கதை உலவுகிறது. அதை அவரே மறுத்திருக்கிறார். பல வருஷங்களாகத் தம் இனத்தாரின் உரிமைக்காக உழைத்த சங்கத்தில் காரியதரிசியாய் இருந்தவர் அவர். அந்த அம்மாளுக்குக் கால் அல்ல, பணிந்து பணிந்து மனந்தான் அலுத்துப்போயிருந்தது.

அன்று இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை சைக்ளோஸ்டைல் யந்திரத்தில் விடியவிடியப் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களை அச்சடித்தார். திங்கட்கிழமை ஒருவரும் பஸ் ஏறவேண்டாம் என்பதே செய்தி. டிசம்பர் 5-ந் தேதி காலையில் பஸ்கள் காலியாக ஓடின. அன்று மாலை ஒரு சங்கம் ஏற்படுத்தி, 26 வயதே ஆன பாப்திஸ்து சபைப் போதகர் மார்ட்டின் லூதர் கிங்கைத் தலைவராக்கினார்கள். பிரிந்த சகோதரர்களில் ஒருவரை நம் பங்குத் தாளில் புகழலாமா என்று யாருக்காவது சந்தேகம் வந்தால், நல்ல சமாரியன் எந்தச் சபையைச் சேர்ந்தவன் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர்கள் முதலில் கேட்டது எவ்வளவு அற்பம் தெரியுமா? மரியாதையாய் நடத்துங்கள், முந்தி வந்தவர் முந்தி உட்காரட்டும், நாங்கள் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் நிரப்பிக்கொள்கிறோம், எங்கள் தெருக்களுக்குப் போகும் பஸ்களுக்கு எங்களவரையும் டிரைவராகப் போடுங்கள். இவ்வளவுதான். பிரிவினையையே ஒழிக்கும்படி அன்று அவர்கள் கேட்கவில்லை. அதிகாரிகள் இதையும் மறுத்தார்கள். மறுத்தபடியால்தான் வழக்கு நியாயாதிபதிகளிடம் போய், முழு விடுதலையாய் முடிந்தது. கல்நெஞ்சத்தைக்கொண்டும் சர்வேசுரன் காரியம் நடத்துகிறார். பாரவோன் கதையை நாம் படித்திருக்கிறோம்.

ஒரு நாள் நடப்பது எளிது. ஒரு வருஷம் நடப்பது எப்படி? ஏறக்குறைய 40,000 பேர், பெரும்பாலும் சமையற்காரிகள், துணி வெளுக்கிறவர்கள், கூலியாட்கள். முதலில் கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றிச் சென்றார்கள். 45 சென்டுக்குக் குறைத்து வாங்கக்கூடாது என்று அதிகாரிகள் சட்டத்தைக் காட்டித் தடுத்தார்கள். உடனே கார் வைத்திருந்தவர்கள் தங்கள் கார்களைக் கொடுத்தார்கள். சுமார் 300 கார்கள் ஊரெங்கும் குறித்த இடங்களில் நின்று ஜனங்களை ஏற்றி இறக்கின. கோவில்களின் பேரில் பெரிய வண்டிகளும் வாங்கினார்கள். அவற்றுக்கு இன்ஷூரன்ஸ் ரத்தாயிற்று. லண்டனிலிருந்து புதிய இன்ஷூரன்ஸ் வாங்கினார்கள். வேலைக்காரிகளைத் தங்கள் காரில் கொண்டுவந்து விடும் வெள்ளைய எஜமானிகள் அதை நிறுத்தவேண்டும் என்று மேயர் கேட்டுக்கொண்டார். பல எஜமானிகள் கேட்கவில்லை. சோறு ஆக்குவது யார்?

பெட்ரோலுக்குப் பணம் வேண்டுமே. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்கார அம்மாள், கிங் போதகர் மேல் நடந்த வழக்கில் சாட்சி சொன்னதினால் வேலை இழந்தவர், தம் வீட்டு அடுப்பிலே கோழி வறுத்தும் பணியாரம் சுட்டும் விற்கத் தொடங்கினார். அவரோடு சேர்ந்த பெண்கள் தங்கள் கூட்டத்துக்கு "எங்கிருந்தோ வந்த சங்கம்" என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தோ வந்தது என்று பொய்யில்லாமல் சொல்லலாம் அல்லவா? வாரந்தோறும் கோவிலில் கூடிய கூட்டத்தில் அவர் எழுந்து அந்த வாரத்து வசூலைக் காணிக்கையாய்க் கொடுப்பார். முறுக்குச் சுட்டு விற்று மாதா கெபிக்குச் சுண்ணாம்பு அடித்த நமது மரியாயின் சேனைப் பெண்களுக்கு இந்த அம்மாளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

1956 ஜனவரி 30-ந் தேதி இராத்திரி, கிங் போதகர் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கையில், அவர் வீட்டுத் திண்ணையில் வெடிகுண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் பத்து வாரக் கைக்குழந்தையும். இருவரும் பிழைத்தார்கள். அவர் ஓடிவந்தபோது வீட்டு முன் ஆத்திரங்கொண்ட ஜனக்கூட்டம். பலர் கையில் ஆயுதம். உடைந்த திண்ணையில் நின்றுகொண்டு, ஆயுதங்களை வீட்டுக்குக் கொண்டுபோகும்படியும், பகைத்தவரைச் சிநேகிக்கும்படியும் அவர் கேட்டார். கூட்டம் கலைந்தது.

அவர் பிறவிச் சாது என்று நினைத்துவிடாதேயுங்கள். அந்தக் குண்டு வெடித்தபின் துப்பாக்கி வைத்துக்கொள்ள அவரே அனுமதி கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. வீட்டைக் காவல் காத்தவர்கள் ஆயுதம் வைத்திருந்தார்கள். பிறகு யோசித்து, செபித்து, காந்தியடிகளின் வழியைக் கற்றவர்களோடு ஆலோசித்து, துப்பாக்கி வேண்டாம் என்று தீர்மானித்தார். மனத்தூண்டுதலைக் கிறிஸ்து நாதரிடமும் அதை நடத்தும் முறையைக் காந்தியிடமும் பெற்றதாக அவர் சொல்வதுண்டு. புண்ணியம் என்பது பழக்கத்தினால் வருவது என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் படிப்பித்ததை எங்கள் குருமடத்தில் மனப்பாடம் செய்தோம். மாண்ட்கோமரியில் அதைச் செய்து பார்த்தார்கள். பிரிவினை ஒழிந்தபின் பஸ்ஸில் ஏறும்போது என்ன நேருமோ என்று, கோவிலுக்குள் நாற்காலிகளைப் பஸ் ஆசனம்போல் வரிசையாய்ப் போட்டு ஒத்திகை நடத்தினார்கள். சிலர் வெள்ளையராய் நடித்து வைவார்கள், தள்ளுவார்கள். மற்றவர்கள் திருப்பி வையாமலும், அதே சமயம் ஆசனத்தை விட்டு எழாமலும் இருந்து பழகவேண்டும். பொறுமைக்கு ஒத்திகை! நாமோ கோபத்துக்கு மட்டும் ஒத்திகை பார்க்கிறோம்.

ஏறக்குறைய 90 பேர்மேல் கைது உத்தரவு பிறந்தபோது, அதிகாரி தேடிவருமுன் தாங்களே சிரித்துக்கொண்டு போய் ஆஜரானார்கள். நவம்பர் 13-ந் தேதி, கார்களை நிறுத்த அரசாங்கம் போட்ட வழக்கில் உட்கார்ந்திருக்கையிலேயே, பஸ் பிரிவினை செல்லாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த செய்தி வந்தது. அந்த வழக்கைத் தொடுத்துத் தாங்கிய பெண்கள் நால்வர். ரோசா பார்க்ஸ் அம்மாள் அதில் இல்லை. சிறுமி கிளாடெட் இருந்தாள். நமது மேரி லூயிஸ் ஸ்மித்தும் இருந்தாள். ஊர் கவனியாத இருவரைக்கொண்டே சட்டம் உடைந்தது.

ஆனாலும் அன்றே கார்களுக்குத் தடை வந்துவிட்டது. தீர்ப்பு ஓலை ஊருக்கு வந்து சேரவில்லை. ஆகவே மேலும் ஒரு மாதத்துக்கு மேல் நடந்தே சமாளித்தார்கள். 1956 டிசம்பர் 21-ந் தேதி விடியற்காலை கிங் போதகர் பஸ்ஸில் ஏறி முன்னால் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் ஒரு வெள்ளையப் போதகர் உட்கார்ந்தார்.

இத்தோடு எல்லாம் சுகமாய் முடிந்தது என்று சொன்னால் அது கதையாகும். சில நாட்களுக்குள் பஸ்கள்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. கர்ப்பவதியான ஒரு பெண்ணின் கால்களில் குண்டு பாய்ந்தது. 1957 ஜனவரியில் ஒரே இரவில் நான்கு கோவில்களுக்குக் குண்டு வைத்தார்கள். ரோசா பார்க்ஸ் அம்மாள் வேலை இழந்து, அவ்வருஷமே வடக்கே டெட்ராய்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். கிங் போதகரை 1968 ஏப்ரல் 4-ந் தேதி மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொன்றார்கள்; குப்பை அள்ளும் தொழிலாளருக்காக அங்கே போயிருந்தார்.

நமது திருச்சபை அப்போது எங்கே இருந்தது என்று நீங்கள் கேட்கவேண்டும். கேட்பது நியாயம். அந்தப் பிரதேசத்தில் அநேகக் கத்தோலிக்கக் கோவில்களில் கறுப்பின விசுவாசிகள் பின் பெஞ்சுகளில் உட்கார்ந்து, வெள்ளையர் வாங்கி முடித்தபின்னரே நன்மை வாங்கினார்கள். ஒரே அப்பத்துக்கு இரண்டு பந்தி! நியூ ஆர்லியன்ஸ் அதிமேற்றிராணியார் ஜோசப் ரம்மல் ஆண்டவர், பெஞ்சிலும், நன்மை வாங்கும் கிராதியிலும், பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் இனிப் பிரிவினை கூடாது என்று 1953-ல் நிருபம் எழுதினார். 1955 அக்டோபரில் அவருடைய மேற்றிராசனத்தில் ஒரு சிற்றாலயத்துக்குப் பூசை வைக்க வந்த கறுப்பினக் குருவானவரை அவ்வூர்க் கத்தோலிக்கர் சிலர் வாசலிலே தடுத்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் குருவை ஏற்றுக்கொள்ளும்வரை பூசை கிடையாது என்று அவ்வாலயத்தைப் பூட்டிவிட்டார். இனப்பிரிவினை பாவம் என்று அடுத்த வருஷம் பகிரங்கமாய் அறிவித்தார். 1962-ல் கத்தோலிக்கப் பள்ளிகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தபோது, எதிர்த்துக் கலகமூட்டிய மூவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். முதல் நிருபத்துக்கும் பள்ளி திறந்ததற்கும் இடையே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது என்பதையும் மறைக்க முடியாது. மேற்றிராணியார்களும் மனிதர்களே.

1965 மார்ச்சில், வாக்குரிமைக்காகச் செல்மா என்ற ஊரிலிருந்து மாண்ட்கோமரிக்கு ஜனங்கள் ஊர்வலம் புறப்பட்டபோது, முதல் தடவை போலீஸார் அடித்து நொறுக்கினார்கள். காயப்பட்டவர்களுக்கு மருந்திட்டவை நமது கன்னியர்கள் நடத்திய ஆஸ்பத்திரியின் கைகள். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் குருக்களும் கன்னியர்களும் அங்கியோடு வந்து தெருவில் நின்றார்கள். அப்பிரதேசத்து மேற்றிராணியாருக்கு இது பிடிக்கவில்லை என்பதும் உண்மை. ஊர்வலத்தார் கடைசி இரவு தங்கியது எங்கே? மேரி லூயிஸ் படித்த அதே அர்ச். யூதா ததேயுஸ் வளாகத்துச் சேற்று மைதானத்தில். கிங் போதகரின் முதற் குழந்தை, அந்தக் குண்டுக்குத் தப்பிய குழந்தை, பிறந்ததும் அங்கிருந்த நமது ஆஸ்பத்திரியில்தான். அந்த ஆகஸ்டிலேயே வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. பொது இடங்களில் பிரிவினையைத் தடைசெய்த சட்டம் அதற்கு முந்திய 1964-ல் வந்துவிட்டது.

இந்த விதை எங்கெங்கோ விழுந்து முளைத்தது. நமது நாகபுரியில் மூன்று வருஷம் ஆசிரியராயிருந்து காந்தியடிகளின் வழியைப் படித்த ஜேம்ஸ் லாசன் போதகர், 1960-ல் நாஷ்வில் நகர மாணவர்களுக்கு அடிபடப் பயிற்சி கொடுத்தார். 2024-ல், தம் 95-ம் வயதில் மரித்தார். வட அயர்லாந்தில் வீடும் வேலையும் வாக்கும் மறுக்கப்பட்ட கத்தோலிக்கர், அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பார்த்து 1968-ல் டெரி நகரத் தெருவில் நடந்தார்கள். அங்கே 1972 ஜனவரி 30-ந் தேதி இராணுவம் 13 பேரைச் சுட்டுக் கொன்றது. அதன்பின் அநேக வாலிபர் துப்பாக்கி எடுத்தார்கள். அந்தக் கலகத்தில் இரு தரப்பிலும் மொத்தம் சுமார் 3,500 பேர் மாண்டபின்னரே, 1998-ல் ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

பிரியமானவர்களே, கிங் போதகர் 1959-ல் நம் நாட்டுக்கு வந்தார். நம் கன்னியாகுமரிப் பாறையில் உட்கார்ந்து சூரியன் அஸ்தமிப்பதையும் சந்திரன் எழுவதையும் பார்த்தார். திருவனந்தபுரத்தில், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இவரும் உங்களைப்போல் ஒரு தீண்டாதார் என்று தலைமை ஆசிரியர் பிள்ளைகளுக்கு அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அவருக்குத் திடுக்கென்றது. பிறகு, தம் நாட்டில் தம் ஜனங்கள் அடைபட்டுக் கிடக்கும் நிலையை எண்ணிப் பார்த்து, ஆம், நான் தீண்டாதவன்தான் என்று ஒப்புக்கொண்டதாகப் பின்னர் தம் கோவில் பிரசங்கத்தில் சொன்னார்.

அவர் நம்மை எங்கோ உள்ள அந்நியராய் எண்ணவில்லை. தம் நோயும் நம் நோயும் ஒன்று என்று கண்டுகொண்டார். வடக்கன்குளத்தில் இரண்டு ஜாதியார் ஒருவரையொருவர் பாராமல் பூசை காணும்படி இரண்டு பிரிவாய்க் கட்டின கோவிலை உங்களில் முதியோர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1910-ல் கோசானல் சுவாமியவர்கள் அந்தத் தடுப்பை இடித்தபோது கோர்ட்டுவரை போனார்கள். 2003-ம் வருஷத்தில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், தம்மைச் சந்திக்க உரோமைக்குச் சென்ற நம் தமிழ்நாட்டு மேற்றிராணியார்களிடமே, விசுவாசிகளுக்குள் ஜாதி பார்ப்பதை ஒழிக்கும்படி சொல்லவேண்டி வந்தது.

நம் பங்கில் பூசையில் பிரிவு இல்லை. நன்மை வாங்கவும் ஒரே வரிசை. அதற்காக நம்மை மெச்சிக்கொள்ளுமுன் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். இடுப்பளவு மதில் ஒன்று குறுக்கே ஓடுகிறது. மேலத்தெருவாருக்குப் பெரிய வாசல். கீழத்தெருவாருக்கு ஓடைப் பக்கத்துச் சின்ன வாசல். சென்ற மாதம் அடைமழையில் ஒரு பாட்டியம்மாளின் பிரேதப் பெட்டியைப் பெரிய வாசலைத் தாண்டி, முழங்கால் சேற்றில், ஓடைப் பக்கம் சுற்றிச் சுமந்து சென்றோம். முப்பது வருஷம் இந்தக் கோவிலைப் பெருக்கியவர் அவர். பெட்டி ஒருமுறை சரிந்தது. தூக்கியவர்கள் ஒன்றும் பேசவில்லை. பெரிய வாசல் பூட்டப்படவுமில்லை, வெறுமனே சாத்தியிருந்தது. அதைத் தள்ளித் திறக்க அன்று ஒருவருக்கும் கை வரவில்லை.

சிலர் என்னிடம் வந்து, "சாமி, மதிலை இராத்திரியோடு இராத்திரி இடித்துவிடுகிறோம்" என்றார்கள். வேறு சிலர் வந்து, "செத்தவர்களுக்கு இதனால் என்ன நஷ்டம், இருக்கிறபடி இருக்கட்டும்" என்றார்கள். முன்னவர்களிடம் கடப்பாரையை வீட்டில் வைக்கச் சொன்னேன். பின்னவர்களுக்கு அருளப்பர் 18-ம் அதிகாரத்தை வாசிக்கக் கொடுத்தேன்.

மரித்த ஆத்துமாக்களின் திருநாளான நவம்பர் 2-ந் தேதி கல்லறை மந்திரிப்பு நடக்கும்போது, நான் தீர்த்தச் செம்போடு பெரிய வாசல் வழியாக நுழைந்து, மதிலின் இருபுறமும் போவேன். இரு தெருவாரும் என்னோடு அதே வாசல் வழியாய் வரும்படி அழைக்கிறேன். வர விருப்பமில்லாதவர்களை யாரும் வையக்கூடாது, வழிமறிக்கவும் கூடாது. மதிலை என்ன செய்வது என்பதைக் குறித்துப் பேச, வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். குடும்பத்துக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வாருங்கள். பெஞ்சுகளில் யார் எங்கே உட்காருவது என்று முன்கூட்டி ஏற்பாடு ஒன்றும் இல்லை. காப்பி உண்டு.